எலாஸ்டிக் செத்த காலனி

எங்கள் காலனியில் எலாஸ்டிக் செத்துப்போன செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூட மைதானத்தில் பிரேயருக்கு நின்ற பிள்ளைகளின் டவுசரெல்லாம் ஒன்றாகக் கணுக்காலுக்கு இறங்கின; அதே நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்களின் சடையிலிருந்து ரப்பர் பேண்டு நழுவியது, மெத்தை உறைகளின் மூலை கழன்றது, சாக்ஸ் எல்லாம் ஷூவுக்குள் சுருண்டது, கொடியில் காய்ந்த ஜட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. ஒருவரும் கத்தவில்லை. பிள்ளைகள் குனிந்து, எடுத்து, இடது கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டு பாட்டை முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார்கள்.

ஏன் செத்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சாயத்தண்ணி என்றார்கள், டிரான்ஸ்பார்மர் என்றார்கள், மாகாளியம்மன் பெருமூச்சு விட்டுவிட்டாள் என்றார்கள். கொஞ்ச நாளில் காரணம் பேசுவது அலுத்துப்போய் எல்லோரும் நாடா வாங்கக் கிளம்பிவிட்டார்கள். வெளியிலிருந்து புது எலாஸ்டிக் வாங்கி வந்தால், வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே அது பையில் கிடந்தபடி செத்தது. செத்ததை மறுபடி பாலம் தாண்டி எடுத்துப் போனாலும் உயிர் வரவில்லை. திருப்பூரில் மற்ற இடமெல்லாம் சுருங்கி விரிந்துகொண்டிருக்க, எங்கள் காலனி மட்டும் தொளதொளவென்று ஆனது.

என் அண்ணன் சென்னியப்பனுக்கு வேலையே எலாஸ்டிக்கை இழுப்பதுதான். காலனிக்குள்ளேயே இருக்கும் தண்டபாணி அண்ணனின் எலாஸ்டிக் கம்பெனியில் அவன் செக்கிங். தறியிலிருந்து இறங்குகிற டேப்பை ஒரு முழம் பிடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், விட வேண்டும். பழைய அளவுக்குத் திரும்பினால் பெட்டிக்கு, திரும்பாவிட்டால் குப்பைக்கு. அந்த வேலையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. தறிச் சத்தத்துக்கு மேலே தண்டபாணி அண்ணன் கத்துவார்: "சென்னீ, திரும்புதா?" இவன் கத்துவான்: "திரும்புதுங்ணா." காலை முதல் சாயங்காலம் வரை அவர்கள் இருவருக்கும் வேறு பேச்சே கிடையாது.

அந்த வேலைக்கென்றே செய்த உடம்பு அவனுக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இடிக்காமல் நடக்கக் குனிந்து குனிந்து முதுகே வளைந்துவிட்டது. நின்றால் கை முழங்காலைத் தொடப் போகும். விரல்கள் முருங்கைக்காய். நெஞ்சு நடுவில் குழிந்து, ஒரு கரண்டி ரசம் ஊற்றினால் நிற்கும் போலிருக்கும். தடிக் கண்ணாடி. விரலைப் பின்னால் மடக்கி மணிக்கட்டைத் தொட்டுக்காட்டி காலனிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பான். கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்தாராம். நான் தொட்டிலில் கிடந்தபோது, தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழவில்லை. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று எழுதாத குறையாக ஊர் அதை முடித்து வைத்தது.

சரி, காலனி என்ன செய்தது என்று சொல்கிறேன். காலனி எதையும் தாங்கும், அதுதான் அதன் கேடு. முதல் வாரம் எல்லோரும் இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி நடந்தார்கள். இரண்டு கையையும் ஓங்க முடியாததால் தண்ணி லாரி முன்னால் நடக்கும் சண்டைகள் நின்றுபோயின, கும்பிடுவதுகூட ஒற்றைக் கையால் என்று ஆனது, பூசாரி அதற்கும் பரவாயில்லை என்றுவிட்டார். அப்புறம் நாடா வந்தது. டவுசருக்கு நாடா, பாவாடைக்கு நாடா, தலைக்கு நாடா, மெத்தைக்கு நாடா, பிராவுக்குப் பின்னால் ஊக்கு. பிள்ளை வேண்டுமென்பவர்கள் கோயில் வேப்பமரத்தில் தொட்டிலுக்குப் பதில் நாடா கட்டினார்கள். தண்டபாணி அண்ணன் தறியை மாற்றி நாடா நெய்ய ஆரம்பித்தார்; என் அண்ணன் இப்போது இழுப்பதோடு சரி, விட வேண்டியதில்லை. இடுப்பு நிற்காத டிராயர்களைப் புது பேஷன் என்று சொல்லி எங்கோ வெளிநாட்டுக்கு விற்றும் விட்டார்கள். பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா"வுக்குப் பதிலாக "திரும்பிச்சா?" என்று கேட்பதும், "இன்னும் இல்லீங்" என்று சொல்லிச் சிரிப்பதும் பழக்கமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கம்பெனிக்கு மருத்துவ முகாம் வந்தது. எஸ்தர் என்று ஒரு டாக்டரம்மா. மற்றவர்கள் நெஞ்சில் வைத்த குழாயைச் சட்டென்று எடுத்தவர், அண்ணன் நெஞ்சில் வைத்ததை எடுக்கவே இல்லை. பிறகு அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"கட்டைவிரலை உள்ள வச்சு முஷ்டிய மூடுங்க" என்றார்.

மூடினான். சுண்டுவிரல் பக்கமாகக் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. தண்டபாணி அண்ணன் சிரித்தார்: "கொக்கு குஞ்சு பொரிச்சிருக்குது பாருங்க மேடம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். ஆத்தாவும் அண்ணனும் நானும் போனோம். நான் பத்தாவது முடிக்காமல் கம்பெனிக்குப் போனவள், ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆத்தாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். எங்களுக்குப் புரியாத பாஷையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் தொழில் பாஷையிலேயே சொன்னார், அதுதான் வினையாகப் போனது.

"இதயத்துல இருந்து ஒரு பெரிய ரத்தக்குழாய் கிளம்புது. இதயம் ஒவ்வொரு தடவ ரத்தத்தத் தள்ளறப்பவும் அது விரியும். இதயம் ஓய்வெடுக்கறப்ப அது பழையபடி சுருங்கி, மிச்ச ரத்தத்த அதுவே முன்னால தள்ளும். விரிஞ்சு சுருங்கறதுக்கு அதோட சுவர்ல எலாஸ்டிக் இழைங்க இருக்கு. இவருக்கு அந்த இழைங்க பிறவியிலயே பலமில்ல. இத்தன வருஷம் விரிஞ்சு விரிஞ்சு அங்கங்க அறுந்துபோச்சு. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டிய இடம் இப்ப ஆரஞ்சு அளவு வீங்கியிருக்கு."

"எலாஸ்டிக்குங்களா?" என்றாள் ஆத்தா. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தெரிந்த ஆளைத் தெரியாத ஊரில் பார்த்தது போல.

"ஆமாம்மா. குழாய் சுவர் அடுக்கடுக்கா இருக்கும். இழை போனா உள் அடுக்கு ஒருநாள் கிழியும். ரத்தம் அடுக்குக்கு நடுவுல பூந்துடும். அப்ப நேரமே இருக்காது."

"அது திரும்பாதுங்களா மேடம்?" அண்ணன்தான் கேட்டான்.

"திரும்பாது. அந்த இழைய உடம்பு சின்ன வயசுலதான் நெய்யும். அப்புறம் அந்தத் தறிய மூடிரும். கெட்டுப்போன பகுதிய எடுத்துட்டு இத வச்சுத் தைக்கணும்" என்று மேஜையிலிருந்து ஒரு வெள்ளைக் குழாயை எடுத்து அவன் கையில் கொடுத்தார். துணிக் குழாய். மடிப்பு மடிப்பாக, புழு மாதிரி.

அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்தான், விரலால் நீவினான், இழுத்தான், விட்டான். "பாலியஸ்டர்" என்றான். "நல்ல நெருக்கமா போட்டிருக்கறாங்க. சாயம் போகாது, சுருங்காது. எங்கூர்த் துணியாட்டவே இருக்குதுங்க மேடம்."

"அப்ப பயமில்லல்ல?"

"பயமா? நெஞ்சுக்குள்ளயும் பனியன் போடறதுக்கு என்னங்க பயம்" என்றான். டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். அதுவரை கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது என்று மாத்திரை கொடுத்து, ஆபரேஷனுக்கு ஒரு நாள் குறித்தார். கூடப் பிறந்தவளையும் ஸ்கேன் பார்க்கணும் என்று என்னைக் காட்டிச் சொன்னார். "அவளுக்கு ஒண்ணுமில்லீங், அவ கல்லு" என்று ஆத்தா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

காலனிக்கு வந்து இதைச் சொன்னதும் யாரும் பயப்படவில்லை. பயந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா ஜாக்கெட்டுக்கு ஊக்கு குத்தியபடியே ஆத்தாவிடம் சொன்னாள்: "ஊருக்கே போயிருக்குது மயிலா, உம் பையனுக்கும் போயிருக்குது. இதுக்குப் போயி நெஞ்சப் பொளக்கோணுமா? எனக்கு எங்கெங்க தொங்குதுன்னு நாஞ் சொல்றதில்ல."

"அக்கா, அவனுக்குப் பொறந்ததுல இருந்தே இருக்குதாம். செவ்வாக்கெழம வந்ததில்ல" என்றேன்.

"செவ்வாக்கெழமைக்கு முந்தி தெரியலீல்ல? அப்ப செவ்வாக்கெழம வந்ததுதான்."

காலனி முழுக்க அதே கணக்குப் போட்டது. தறிக்காரர்கள், தையல்காரிகள், அயர்ன் மாஸ்டர்கள், பிசிறு வெட்டுகிற கிழவிகள் எல்லோரும் எலாஸ்டிக்கைப் பற்றி டாக்டருக்கு மேலே தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். சூடு காட்டினால் சுருங்கும் என்றார் அயர்ன் மாஸ்டர். ராத்திரி ஊறவைத்தால் இறுகும் என்றாள் ஒருத்தி. நெஞ்சைச் சுற்றி நாடா கட்டி வேப்பிலை செருகினார்கள், அண்ணன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினான். அவன் கேலிக்குத்தான் கட்டிக்கொள்கிறான் என்று நினைத்தேன். குளிக்கும்போதும் அதை அவன் அவிழ்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷனுக்குப் போக வேண்டிய காலை. பையில் துண்டு, பிளாஸ்க், மாற்று லுங்கி எல்லாம் வைத்தாயிற்று. ஆட்டோ வாசலில் நின்றது. அப்போது காலனி முழுக்க 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு சொடக்குப் போட்ட மாதிரி. எலாஸ்டிக் திரும்பிவிட்டது. நாடாவுக்கு மேலே எலாஸ்டிக் இறுகியதில் ஆட்டோக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அய்யோ" என்று கீழே குதித்தார். கொடியில் தொங்கிய ஜட்டிகள் வாயை மூடிக்கொண்டன. பிள்ளைகள் தெருவுக்கு ஓடி வந்து டவுசரை இழுத்து இழுத்து வயிற்றில் அடித்துக்கொண்டு ஆடினார்கள். பெரியவர்களும் அடித்துக்கொண்டார்கள். காலனியே பட் பட் பட் என்று கைதட்டியது.

ஆத்தா ஆட்டோவிலிருந்து பையை எடுத்து வீட்டுக்குள் வைத்தாள்.

"ஆத்தா, நேரமாச்சு" என்றேன்.

"எதுக்கு நேரமாச்சு? அதான் திரும்பிருச்சே."

"திரும்பினது டவுசரு. இவன் டவுசரா?"

அறைந்தாள். நன்றாகவே அறைந்தாள். நான் போன் போட்டு டாக்டரம்மாவைப் பிடித்து அவள் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவர் பேசுவது எனக்கே கேட்டது: "அம்மா, உள்ள இருக்கறது திரும்பாதும்மா, தயவுசெஞ்சு கூட்டிட்டு வாங்க."

"மேடம், நீங்க நல்லவங்க. ஒருக்கா எங்க காலனிக்கு வந்து பாருங்க, செத்ததெல்லாம் பொழச்சுக் கெடக்குது" என்று சொல்லி ஆத்தா போனை வைத்துவிட்டாள்.

நான் அண்ணனிடம் போனேன். அவன் திண்டாடிக்கொண்டு நிற்பான், நான் சொன்னால் வருவான் என்று நினைத்தேன். அவனோ வீட்டில் கிடந்த பழைய டேப் ஒன்றை எடுத்து ஒரு முழம் பிடித்து, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு நின்றுகொண்டிருந்தான். போன மாதம் அவனே செத்தது என்று ஓரமாகப் போட்ட டேப் அது.

"திரும்புதுடீ கோகி" என்றான். கண்ணாடிக்குள்ளே கண் கலங்கி இருந்தது. "ஒருதடவ போனது திரும்பாதுன்னு நானே எத்தன டேப்பக் குப்பைல போட்டிருக்கறேன். பாரு. திரும்புது."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டர் கேள்விப்பட்டதச் சொன்னாங்க. இது எங் கையில நடக்குதுல்ல?"

அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லாத விரல்கள் அவை. அந்த ஒரு நாள் அவை சொன்னதை நம்பாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். கத்திச் சொன்னேன். நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்றால் எந்த மனுசன்தான் சந்தோஷப்பட மாட்டான், அவனுக்கும் உயிர் மேல் ஆசை, ஆசைக்குக் காது கிடையாது.

மறுநாள் கோயிலில் பொங்கல். தண்டபாணி அண்ணன் கம்பெனியில் இருந்த எலாஸ்டிக் ரோலையெல்லாம் கொடுத்து, பெண்கள் உட்கார்ந்து அதைச் சடை பின்னி, கைத்தடிமனில் ஒரு வடம் செய்திருந்தார்கள். கயிறு இழுக்கும் போட்டி. மேல்வீதி ஒரு பக்கம், கீழ்வீதி ஒரு பக்கம். இழுப்பதற்கு முன்னால் வடம் நன்றாகத் திரும்புகிறதா என்று ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டுமாம், அது செக்கிங்காரன் மரியாதையாம். நான் வாசலை மறித்து நின்றேன். இரண்டு பொம்பளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுடி, அவன் சந்தோசமா இருக்கறது உனக்குப் பொறுக்கலியா" என்று ரங்கநாயகி அக்கா கேட்டாள்.

"போயிட்டு வர்றேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வாசலைத் தாண்டினான். எங்கள் பக்கம் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள்.

வடத்தின் ஒரு நுனி வேப்பமரத்தில். மறுநுனி அவன் கையில். அந்த நீளக் கையை எல்லோரும் அன்றைக்குத்தான் அழகாகப் பார்த்தார்கள். அவன் இழுத்தான். வடம் நீண்டது, இன்னும் நீண்டது, காலைப் பதித்து, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிப் பின்னால் சாய்ந்து இழுத்தான், கூட்டம் "இழு, இழு" என்றது, நான் "விடு, விடு" என்றேன், என் குரலும் அந்தக் கூச்சலில் உற்சாகம் மாதிரியே கேட்டிருக்கும். விட்டான். வடம் சாட்டை மாதிரி மரத்துக்குப் போய் அடித்தது.

"சென்னீ, திரும்புதா?" என்று தண்டபாணி அண்ணன் கத்தினார்.

காலனியே அவன் பதிலுக்காக வாயை மூடிக்கொண்டது. அவன் கை முதுகுப் பக்கம் போனது, தோள்பட்டைக்கு நடுவில் எதையோ தேடியது.

"முதுகுல என்னமோ கிழியுது கோகி" என்றான். துணி கிழிவதைச் சொல்கிற குரல்தான். சட்டை கிழிந்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் சிரித்தார்கள். ரங்கநாயகி அக்கா ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டே வந்தாள், குத்திவிடுவதற்கு.

ஆம்புலன்ஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவன் விரல்கள் என் கையில் தொளதொளவென்று ஆகிவிட்டன. நான் பிடித்து இழுத்தேன். விட்டேன். அது அங்கேயே கிடந்தது.

அதையும் காலனி தாங்கிக்கொண்டது. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். அந்த டாக்டரம்மா வாயால் சொன்னதுதான் பலித்தது என்றார்கள். வேப்பமரத்தில் கட்டிய நாடாக்களை அவிழ்த்து எரித்தார்கள். தண்டபாணி அண்ணன் நல்லவர், காரியம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து, "அண்ணன் எடத்துல நீ உக்காந்துக்க அம்மிணி, ஒனக்கும் நல்ல நீளக் கை" என்றார். உட்கார்ந்தேன். ஒரு முழம் பிடிக்கிறேன், இழுக்கிறேன், விடுகிறேன். பட். தறிச் சத்தத்துக்கு மேலே அவர் கேட்கிறார், திரும்புதா? நானும் சொல்கிறேன், திரும்புதுங்ணா. ஒவ்வொரு டேப்பும் திரும்புகிறது. காலனியில் திரும்பாதது எதுவுமே இப்போது இல்லை. அந்த டேப்புகளைப் பிடித்து வாயில் போட்டு மெல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்தில் நின்று, யாரும் பார்க்காதபோது, கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடினேன். மூடிய பக்கத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன். அப்புறம் பார்த்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று காலை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, யாரிடமும் யோசனை கேட்காமல், கோயமுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அண்ணனுக்குக் கட்டி வைத்த அதே பை, அதே பிளாஸ்க். ஆத்தா அடுப்படியிலிருந்து வந்தாள். பையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன், அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போறேன்" என்றேன்.

"போறேன்னு சொல்லாத சாமி. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் இப்போது தலை இடிக்கிற அந்த வாசலைக் குனிந்து தாண்டினேன்.